ஏன் மற்ற மூன்றும் இல்லை?

 

சென்ற ரமலானுக்குச் சில வாரங்களுக்கு முன் நமதூர் நர்ஸ் பிள்ளை ஒருவர் தம் வாப்பாவுடன் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்தவர். மூன்று வருடம் மருத்துவமனை அனுபவம் உள்ளவர். வளைகுடா நாடொன்றில் நர்ஸாகப் பணிபுரிவதற்கான லைசென்ஸ் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் தவறிவிட்டார். சான்றிதழ் சரிபார்ப்புக்கும் தேர்வுக்கும் கட்டிய பணத்தில் பாதி, வீட்டு நகையை விற்றுக் கிடைத்தது. மூன்றாவது முறை கட்டணம் கட்ட உதவி கேட்டு வந்திருந்தார்கள்.

"எப்படிம்மா படிச்சீங்க?" என்று கேட்டோம். பையிலிருந்து கனமான ஸ்பைரல் புத்தகம் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள். ஒவ்வொன்றிலும் சரியான விடையின் மேல் மஞ்சள் கோடு. அதைப் பார்த்ததும் எங்களுக்கு அடையாளம் தெரிந்தது. ஏனென்றால், அதை ஜெராக்ஸ் எடுத்துக் கட்டி, கல்வி உதவி என்ற பெயரில் பிள்ளைகளுக்குக் கொடுத்ததே நமது டிரஸ்ட்தான்.

அன்று அலுவலகத்தில், சவூதியில் இருபது வருடத்துக்கும் மேல் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று வந்த மாமி ஒருவரும் இருந்தார். அவர் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, "இதுக்கு பி-ன்னு கோடு போட்டிருக்கு. சரிதான். ஏம்மா சி வரல?" என்று கேட்டார். அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தெரியல மாமி, புக்ல பி-ன்னுதான் இருக்கு" என்றார்.

இரண்டு முறை தவறியதற்குக் காரணம் அந்த ஒரு பதிலிலேயே இருந்தது. தவறு அந்தப் பிள்ளையுடையது மட்டுமல்ல, எங்களுடையதும்தான். அதனால்தான் இதை எழுதுகிறோம். நர்ஸ், பார்மசிஸ்ட், லேப் டெக்னீஷியன் லைசென்ஸ் தேர்வுகள், சி.ஏ. ஃபவுண்டேஷன் என்று நம் பிள்ளைகள் எழுதும் தொழில்முறைத் தேர்வுகளில் பெரும்பகுதி இப்போது நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறையிலேயே நடக்கிறது. அதற்கு எப்படி யோசித்துத் தயாராவது என்பதை, மாமி எங்களுக்கு விளக்கியதையும் நாங்கள் தேடிப் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

கேள்வியின் அமைப்பு

இந்த வகைக் கேள்வி நூறு வருடத்துக்கு மேல் பழையது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஃபிரெடரிக் கெல்லி என்ற கல்வியாளர் 1915 வாக்கில் பள்ளிப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய தேர்வையே இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். பிள்ளைகள் மௌனமாகப் படித்து எவ்வளவு புரிந்துகொள்கிறார்கள் என்று சோதிக்கும் வாசிப்புத் தேர்வு அது. இன்றும் இதன் அடிப்படை வாசிப்புதான். பாடம் தெரிந்தும் தோற்பவர்களில் பலர், கேள்வியைச் சரியாக வாசிக்காமல் தோற்கிறார்கள்.

ஒவ்வொரு கேள்வியிலும் மூன்று பகுதிகள் உண்டு. ஒன்று, நிலைமையைச் சொல்லி வினவும் பகுதி. இரண்டாவது, சரியான விடை. மூன்றாவது, நம்மைத் திசைதிருப்புவதற்காக வைக்கப்பட்ட மற்ற மூன்று விடைகள். அந்த மூன்றையும் யாரும் கைக்கு வந்தபடி எழுதிவைப்பதில்லை. படிப்பவர்கள் வழக்கமாக எங்கே தவறுவார்களோ அந்த இடம் பார்த்து எழுதுகிறார்கள். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில் கேள்வியின் கடைசி வரி

தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்தவர்கள். ஆகவே கேள்வி உண்மையில் எதைக் கேட்கிறது என்பதை முடிவு செய்யும் சொற்களைத் தனியாகப் பழக வேண்டும். 'ஃபர்ஸ்ட்', 'இனிஷியல்', 'பிரையாரிட்டி' என்றால், நான்கும் செய்யத்தக்கவையாகவே இருக்கலாம், எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி. 'எக்ஸெப்ட்', 'நாட்' என்றால் மூன்று சரி, ஒன்று தவறு. அந்தத் தவறைத்தான் எடுக்க வேண்டும். 'கான்ட்ரா இண்டிகேட்டட்' என்றால் கொடுக்கக் கூடாதது எது என்று பொருள்.

நர்ஸிங் தேர்வுகளில் அடிக்கடி வரும் இன்னொன்று: 'நோயாளி சொல்லும் எந்த வாக்கியம், அவருக்கு மேலும் விளக்கம் தேவை என்பதைக் காட்டுகிறது?' இங்கே விடை, நோயாளி தவறாகப் புரிந்துகொண்ட வாக்கியம். அவசரத்தில் படிப்பவர் சரியான வாக்கியத்தைப் பார்த்ததும் அதை அழுத்திவிடுவார். அவருக்குப் பாடம் தெரியும், மதிப்பெண்தான் கிடைக்காது.

எனவே கடைசி வரியை முதலில் படியுங்கள். பிறகு மேலிருந்து முழுவதும் படியுங்கள். நோயாளியின் வயது, எத்தனை மணி நேரம் ஆயிற்று, என்ன மருந்து போகிறது என்பன போன்ற விவரங்கள் பெரும்பாலும் காரணத்தோடுதான் கொடுக்கப்பட்டிருக்கும்.

விடைகளை மூடிவிட்டு யோசியுங்கள்

வீட்டில் பயிற்சி செய்யும்போது விடைகளை ஒரு தாளால் மூடிக்கொள்ளுங்கள். கேள்வியை மட்டும் படித்து உங்கள் பதிலை மனதில் சொல்லுங்கள், அல்லது எழுதுங்கள். பிறகு தாளை எடுங்கள். விடைகளை முதலிலேயே பார்த்துவிட்டால் நான்குமே சரி போலத் தோன்றும். பழகிய சொல் எதில் இருக்கிறதோ அந்தப் பக்கம் மனம் சாயும்.

கணக்குகளில் இது தெளிவாகத் தெரியும். 1,000 மில்லி சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும். டிராப் ஃபேக்டர், அதாவது ஒரு மில்லிக்கு 15 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? விடைகள்: 21, 31, 42, 125.

மொத்த அளவைச் சொட்டால் பெருக்கினால் 15,000. எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். வகுத்தால் 31.25, ஆகவே 31 சொட்டு. இப்போது மற்ற மூன்றும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 125 என்பது 1,000-ஐ 8-ஆல் வகுத்தது. மணிக்கு எத்தனை மில்லி என்ற வேறொரு கேள்வியின் சரியான பதில். 42 என்பது மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்துப் போட்டால் வருவது. 21 என்பது 10 சொட்டு என்று வைத்தால் வருவது. ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு முகவரி இருக்கிறது. கணக்கை முடித்ததும் "நம் விடை பட்டியலில் இருக்கிறது, ஆகவே சரி" என்று நினைப்பது எவ்வளவு ஆபத்து என்று இதிலிருந்து தெரிகிறது. தவறாகப் போட்டாலும் பட்டியலில் இருக்கும்.

சி.ஏ. ஃபவுண்டேஷன் எழுதுபவர்களுக்கும் இதே கதைதான். 5,000 ரூபாய்ப் பொருளுக்கு முதலில் 20 சதவீதம், மீதிக்கு 10 சதவீதம் தள்ளுபடி; மொத்தத் தள்ளுபடி எவ்வளவு? 5,000 முதலில் 4,000 ஆகிறது, பிறகு 3,600 ஆகிறது. தள்ளுபடி 1,400 ரூபாய். விடைகளில் 1,500 இருக்கும். அது இரண்டையும் கூட்டி 30 சதவீதம் என்று போட்டவருக்காக. 3,600 இருக்கும், அது கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டுக் கேட்டது என்ன என்பதை மறந்தவருக்காக. 1,000 இருக்கும்; அது முதல் தள்ளுபடியோடு நிறுத்தியவருக்காக.

நான்கும் சரியாகத் தெரியும்போது

கணக்கில் ஒரு விடைதான் சரி. ஆனால் நோயாளியைப் பற்றிய கேள்விகளில் நான்குமே நல்ல காரியமாக இருக்கும். நம் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

மாமி அன்று திறந்த பக்கத்தில் இருந்த கேள்வி இந்த வகை: நோயாளிக்கு இரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகிறது. குளிர் நடுக்கமும் முதுகு வலியும் வருகின்றன. நர்ஸ் முதலில் என்ன செய்ய வேண்டும்? ஏ: டாக்டருக்குத் தெரிவிப்பது. பி: இரத்தம் ஏற்றுவதை நிறுத்துவது. சி: உடல் வெப்பம் பார்ப்பது. டி: ஏறும் வேகத்தைக் குறைப்பது.

டாக்டருக்குச் சொல்லத்தான் வேண்டும். வெப்பமும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் போன் செய்யும் நேரத்திலும் தெர்மாமீட்டர் வைக்கும் நேரத்திலும், ஒவ்வாத இரத்தம் உடலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். வேகத்தைக் குறைத்தாலும் போகத்தான் செய்யும். அதனால்தான் பி. நிறுத்திவிட்டு, புதுக் குழாயில் சலைன் போட்டு ஊசி வழியைக் காத்துக்கொண்டு, பிறகு மற்றவற்றைச் செய்ய வேண்டும். மாமி சொன்ன சோதனை இது: "இந்த விடையைச் செஞ்சுக்கிட்டிருக்கும்போது ஆபத்து நிக்குதா, தொடருதான்னு கேளு."

இன்னொரு கேள்வி. நான்கு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பீர்கள்? அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள், வலிக்கு மருந்து கேட்பவர். சர்க்கரை 180 இருப்பவர். டிஸ்சார்ஜுக்குக் காத்திருப்பவர். காலையில் இளைப்புச் சத்தம் அதிகமாக இருந்து, இப்போது சத்தமே இல்லாமல் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஆஸ்துமா நோயாளி.

'இளைப்பு இருந்தால் ஆபத்து' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர், சத்தம் நின்றுவிட்டதால் தேறிவிட்டார் என்று நினைப்பார். காரணம் தெரிந்தவர் வேறு விதமாக யோசிப்பார். சத்தம் வருவதற்கே காற்று உள்ளே போய்வர வேண்டும். சத்தமும் நின்று, மயக்கமும் வருகிறதென்றால் காற்றே போகவில்லை என்று பொருள். இவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூச்சு வழி, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற வரிசை எல்லா நர்ஸிங் மாணவர்களுக்கும் தெரியும். அது எந்த வேடத்தில் வந்தாலும் அடையாளம் காண்பதைத்தான் தேர்வு சோதிக்கிறது.

தெரியாத கேள்விக்கு என்ன செய்வது?

தேர்வுக்கு முன்பே, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்களா என்று அந்தத் தேர்வின் விதிமுறைக் கையேட்டைப் பார்த்துவிடுங்கள். குறைக்க மாட்டார்கள் என்றால் ஒரு கேள்வியையும் விடாதீர்கள்.

சி.ஏ. ஃபவுண்டேஷனில் மூன்றாம், நான்காம் தாள்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் குறையும். இதற்கு ஒரு எளிய கணக்கு சொல்கிறோம். தெரியாத 12 கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடையளித்தால், சராசரியாக 3 சரி, 9 தவறு. கையில் மிஞ்சுவது முக்கால் மதிப்பெண். ஒவ்வொன்றிலும் ஒரு விடையை நிச்சயமாக நீக்க முடிந்தால் 4 சரி, 8 தவறு, மிஞ்சுவது 2. இரண்டு விடைகளை நீக்க முடிந்தால் 6 சரி, 6 தவறு, மிஞ்சுவது 4.5. ஆகவே முழு விடை தெரியாவிட்டாலும், 'இது நிச்சயமாக இல்லை' என்று சொல்லத் தெரிந்தால் அதற்கும் பலன் உண்டு. ஆனால் நீக்குவதற்குக் காரணம் இருக்க வேண்டும். 'மூன்று முறை சி வந்துவிட்டது, இனி வராது' என்பது காரணமாகாது.

முதலில் தோன்றியதை மாற்றாதே என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நாங்களும் சொல்லியிருக்கிறோம். 2005-இல் ஜஸ்டின் குரூகர் என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு மாறாகச் சொல்கிறது. 1,500-க்கும் மேற்பட்ட மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து மாற்றிய இடங்களைப் பார்த்தார்கள். மாற்றியவற்றில் 51 சதவீதம் தவறிலிருந்து சரிக்குப் போயிருந்தன; 25 சதவீதம்தான் சரியிலிருந்து தவறுக்குப் போயிருந்தன. மற்றவை தவறிலிருந்து இன்னொரு தவறுக்கு. சரியாக இருந்ததை மாற்றிக் கெடுத்தால் அந்த வருத்தம் நெடுநாள் மனதில் நிற்கிறது. மாற்றிச் சரியானது மறந்துபோகிறது. அதனால்தான் அந்தப் பழைய அறிவுரை நிலைத்திருக்கிறது. கேள்வியைத் தவறாகப் படித்திருந்தீர்கள் என்று தெரிந்தால் தயங்காமல் மாற்றுங்கள். வெறும் பயத்தில் மாற்றாதீர்கள். அமெரிக்க நர்ஸ் லைசென்ஸுக்கான என்க்லெக்ஸ் தேர்வில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. அங்கே யோசனையெல்லாம் அழுத்துவதற்கு முன்பே முடிய வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

இவ்வளவையும் பழக்கத்துக்குக் கொண்டுவர மாமி சொன்ன வழி மிக எளிது. ஒரு நோட்டு வாங்குங்கள். ஒரு நாளைக்கு இருபது கேள்வி போதும். ஒவ்வொன்றுக்கும் சரியான விடை ஏன் சரி என்று ஒரு வரி. மற்ற மூன்றும் ஏன் இல்லை என்று மூன்று வரி. தமிழிலேயே எழுதலாம். எழுத முடியவில்லையென்றால் அந்த இடத்தில் பாடப் புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்று பொருள். 'எந்த நிலைமையில் சி சரியான விடையாகும்?' என்றும் கேட்டுக்கொண்டால் ஒரு கேள்வி நான்கு கேள்வியாகிவிடும்.

தவறிய கேள்விகளுக்குப் பக்கத்தில் காரணத்தையும் குறியுங்கள்: பாடம் தெரியவில்லையா, கேள்வியைத் தவறாகப் படித்தோமா, இரண்டில் தடுமாறித் தவறானதை எடுத்தோமா? இரண்டு வாரம் எழுதினால் உங்கள் பலவீனம் எது என்று நோட்டே சொல்லிவிடும். பாடம் தெரியாதவருக்கு மருந்து படிப்பு. தவறாகப் படிப்பவருக்கு மருந்து நிதானம். இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பயனில்லை.

எங்களில் மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதாகப் படவில்லை. சட்டத்தை ஒப்புவித்தால் உஸ்தாத் விடமாட்டார். "தலீல் என்ன? மற்ற இமாம் ஏன் வேறு மாதிரி சொன்னார்?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால்தான் பாடம் நகரும்.

அந்த ஸ்பைரல் புத்தகம்

இப்போது எங்கள் தவறுக்கு வருகிறோம். 'டம்ப்' என்று சொல்லப்படும் இந்தத் தொகுப்புகள், தேர்வு எழுதிவிட்டு வந்தவர்கள் நினைவிலிருந்து சொன்ன கேள்விகளைக் கொண்டு சேர்க்கப்படுபவை. நினைவிலிருந்து சொல்லும்போது ஒரு சொல் மாறிவிட்டால் விடையே மாறிவிடும். விடைக் குறிப்பு போட்டவர் யார் என்றும் தெரியாது. மாமி பார்த்த சில பக்கங்களிலேயே தவறான விடைக்கு மஞ்சள் கோடு போட்டிருந்ததைக் காட்டினார். மேலும், கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் இத்தகைய தேர்வுகளை எழுத உட்காருகிறார்கள். அந்த வாக்கை மீறிச் சேர்த்ததை ஸதகா பணத்தில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தோம். நல்ல எண்ணத்தில் செய்தாலும் சரியான காரியமல்ல.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. லைசென்ஸ் என்பது முன்பின் தெரியாத நோயாளி ஒருவர் நம்பித் தம் உடலை ஒப்படைக்கும் அமானிதம். நடு இரவில் நடுக்கத்தோடு அவர் கூப்பிடும்போது நான்கு விடைகள் எழுதி யாரும் நீட்டமாட்டார்கள். அப்போது உதவுவது, ஏன் என்று படித்தது மட்டுமே.

அந்தப் பிள்ளை மூன்று மாதம் ஞாயிறுதோறும் மாமியிடம் உட்கார்ந்து நோட்டு எழுதினார். மூன்றாவது முறை, அல்ஹம்துலில்லாஹ், தேர்ச்சி பெற்றார். அதே வகுப்பில் உட்கார்ந்த பார்மசி தம்பி ஒருவர் தேறவில்லை. ஆனால் எங்கே மதிப்பெண் போயிற்று என்று இந்த முறை அவரால் சொல்ல முடிகிறது. மருந்தளவுக் கணக்கில்தான் என்று நோட்டைக் காட்டினார். மறுபடி தயாராகிறார். இரண்டையும் மறைக்காமல் சொல்கிறோம். இந்த வழி தேர்ச்சிக்கு உத்தரவாதம் தராது. ஆனால் தோற்றாலும் கைக்கு ஏதாவது மிஞ்சும்.

இனி டிரஸ்ட் சார்பில் கேள்வித் தொகுப்புகள் ஜெராக்ஸ் எடுத்துத் தரப்படமாட்டா. அந்தப் பணத்தில் பாடப் புத்தகங்களும், விளக்கத்தோடு கூடிய முறையான பயிற்சி நூல்களும் வாங்கி அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். தேர்வுக் கட்டண உதவி கேட்டு வருபவர்கள், எழுதிய நோட்டையும் எடுத்து வர வேண்டும். ஞாயிறு அஸருக்குப் பின் நடக்கும் வகுப்பு எல்லாச் சமுதாயப் பிள்ளைகளுக்கும் உண்டு, கட்டணம் இல்லை. பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள்: "எத்தனை கேள்வி முடிச்சே?" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து, "ஏன் மத்த மூணும் இல்ல?" என்று கேளுங்கள். பாடம் உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை. பிள்ளை தடுமாறாமல் சொல்கிறதா என்று பார்த்தாலே போதும்.

வஸ்ஸலாம்.

செயலாளர்